சங்காயக் குவியலில் கிடக்கும் விதைநெல்
மார்கழி மாத மீன்பிடித் துறைமுகத்திலிருந்து உழவர்களுக்கு ஒரு கணக்கு

பரமக்குடி பக்கத்து மிளகாய் விவசாயி ஒருவர் மார்கழித் தொடக்கத்தில் தொலைபேசியில் அழைத்தார். "சார், ராமேஸ்வரத்துல ஒரு வண்டி சங்காயம் பேசி முடிச்சிட்டேன். செடித் தூர்ல போட்டு மண்ணு அணைச்சிடலாமா, இல்ல வெல்லம் போட்டு ஊற வச்சு அடிக்கணுமா?" என்று கேட்டார்.

கடலோரத்தில் பழகாதவர்களுக்கு 'சங்காயம்' புதிய சொல்லாக இருக்கலாம். விசைப்படகின் வலையில் வரும் இறால், நண்டு, கணவாய், விலைபோகும் மீன் எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பொடி மீனைத்தான் ராமநாதபுரம் கடற்கரையில் சங்காயம் என்கிறார்கள். காயவைத்தால் கோழித் தீவனத்துக்கும் மீன் மாவு ஆலைக்கும் போகும். அண்மைக் காலமாக இயற்கை வேளாண்மைக்காக வயலுக்கும் வருகிறது.

'பணம் கொடுக்கும் முன் இரண்டு நாள் பொறுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று அவரிடம் சொன்னேன். மண்ணையும் பயிரையும் படித்தவனுக்குக் கடலைப் பற்றிப் பேச அவ்வளவாகத் தகுதி இல்லை. ஆனால், உரமாக வயலுக்குள் வருகிற ஒரு பொருள் எங்கிருந்து, எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது உழவியலில் சேர்ந்த வேலைதான்.

செவ்வாய்க்கிழமை விடியல்

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அதிகாலையில் ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகத்தில் நின்றேன். கிழமையைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. இங்குள்ள விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில்தான் கடலுக்குப் போகும். காலையில் போனால் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு மறுநாள் காலை கரை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு விடியலில்தான் துறைமுகத்துக்கு உயிர் வருகிறது.

மார்கழிப் பனியில் விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் புகை போல ஈரம் தொங்கியது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. அக்னி தீர்த்தத்துப் பக்கம் கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் கூட்டம். வருகிற வழியில் தங்கச்சிமடத்து வீடுகளின் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகத்தில் மட்டும் பண்டிகைக்கான அடையாளம் எதுவும் இல்லை. காதை மூடித் துண்டு கட்டிய ஆண்கள், ஐஸ் பெட்டிகளை இறக்கும் சுமைதூக்குவோர், கூடையும் தராசுமாகக் காத்திருக்கும் பெண்கள், இறால் கொள்முதல் செய்ய வந்த வியாபாரிகள் என எல்லோருடைய பார்வையும் கடல் பக்கமே இருந்தது.

படகு வந்ததும் முதலில் இறங்குவது இறால். அதன் எண்ணிக்கைக் கணக்கை, அதாவது ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் விலை. எண்ணிக்கை குறைந்தால் இறால் பெரிது, விலை அதிகம். அடுத்து கணவாய், நீலக்கால் நண்டு. பிறகு சீலா, பாறை, விளைமீன், நகரை போன்றவை கூறு கூறாக ஏலத்துக்குப் போகின்றன. அதன்பின் காரல். வெள்ளித் தகடு போல மின்னும் இந்தச் சிறு மீன் பாக் விரிகுடாவின் அன்றாட மீன். பச்சையாகவும் விற்கும், கருவாடாகவும் விற்கும். எல்லாம் போன பிறகு, படகின் தளத்தில் சேறும் பாசியும் ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கூடைகளில் வாரிக் கொட்டுகிறார்கள். அதுதான் சங்காயம்.

வந்த பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைத்தான் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கு பிரிக்கிறார்கள். செலவே தேறாத நாளில் இரவு முழுக்கக் கண் விழித்தவருக்குக் குழம்புக்கு நாலு மீன்தான் கூலி. மழை பொய்த்த ஆண்டின் வாரம் போலத்தான் இதுவும்.

முறைத் தண்ணீர் போல ஒரு கடல்

'மூன்று நாள் கடல், நான்கு நாள் தரை' என்ற ஏற்பாட்டை ஆற்றுப் பாசனம் தெரிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் முறை வைப்பது போன்றதே இது. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள். இரண்டும் ஒரே நாளில் இறங்கினால், நாட்டுப்படகுக்காரர் விரித்த வலையை விசைப்படகின் இழுவலை அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் வந்த சண்டைகளுக்குப் பிறகு அமைந்த முறை இது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் மீன்வளத் துறையில் அனுமதி டோக்கன் வாங்க வேண்டும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வாரத்துக்கு 3 நாள் என்றால் ஆண்டுக்கு 156 நாள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டில் 2001 முதல் 45 நாளாக இருந்த இந்தத் தடை, 2017-ல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. அதில் கழியும் 26 நாளைக் குறைத்தால் மிஞ்சுவது 130 நாள். அந்த 130 நாளில்தான் ஓராண்டுக்கான வருமானம் வர வேண்டும். இதிலிருந்தும் குளிர்காலம் தன் பங்கைக் கழித்துக்கொள்கிறது.

வாடையும் புயல் கூண்டும்

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அமைதியாக இருக்கும். ஐப்பசியில் காற்று திரும்பி வாடை வீசத் தொடங்கியதும் இது தலைகீழாகிறது. பாக் விரிகுடா ஆழமற்ற கடல். பெரும்பகுதியில் 15 மீட்டர்கூட இருக்காது. ஆழம் குறைந்த கடலில் காற்று அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். படகு ஒரு அலையிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்த அலை வந்து அடிக்கும். அடியிலுள்ள சேறும் கலங்கும்.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். காற்று மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டி, இடையிடையே 55 கிலோமீட்டர் வரை வீசும் என்று வானிலைத் துறை அறிவித்தால் அன்று டோக்கன் கிடையாது. அறிவிப்பு வராத நாளிலும் வாடையின் வேகத்தைப் பார்த்துப் பலர் போக மாட்டார்கள். டிசம்பர் மாதத்தை இந்தத் தீவு சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு கடலில் போனதும் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் செய்தி.

கடலுக்குப் போகாத நாளிலும் துறைமுகத்தில் வேலை இருக்கிறது. வெயில் ஏறியதும் கிழிந்த வலைகளைப் பரப்பி, காலால் ஒரு முனையை அழுத்திக்கொண்டு பொத்துகிறார்கள். இழுவலையின் வாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு கனத்த பலகைகளுக்கு இரும்புப் பட்டை அடிக்கிறார்கள். என்ஜின் ஆயில் மாற்றுகிறார்கள். டீக்கடையில் அடுத்த டோக்கன் எப்போது என்ற பேச்சு. கருவாடு போடும் பெண்களுக்கு இது சிரமமான காலம். வெயிலுக்கு உறைப்பு இல்லை. வைகறையில் பனி, திடீரென்று தூறல். பொங்கல் கழிந்து வெயில் ஏறும்வரை தார்ப்பாயும் கையுமாகத்தான் நிற்க வேண்டும். களத்தில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசிக் குவியலில் என்ன இருக்கிறது?

நான் பார்க்க வந்தது சங்காயத்தை. வாரிக் கொட்டிய ஒரு கூடையைக் கேட்டு வாங்கி, சாக்கின் மேல் பரப்பி, அங்கிருந்த பெண் ஒருவர் உதவியோடு பிரித்துப் பார்த்தேன். "இது விளமீன் குஞ்சு, இது சீலாக் குஞ்சு, இது ஊடகம்" என்று அவர் பெயர் சொல்லிக்கொண்டே போனார். விரல் நீள விளைமீன். பென்சில் கனத்தில் சீலா. ஓட்டின் அகலம் ஒரு ரூபாய் நாணயத்தைத் தாண்டாத நண்டுகள். கட்டைவிரல் அளவில் கணவாய்க் குஞ்சு. அவற்றோடு, வளர்ந்தாலும் பெரிதாகாத பொடி மீன் இனங்களும், சிப்பி, கடற்புல் துண்டுகளும் கலந்து கிடந்தன.

வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் இனங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பெரிய மீனின் குஞ்சுகள்தான் மனதை உறுத்தின. அரை மணி நேரத்துக்கு முன்பு பக்கத்தில் நடந்த ஏலத்தில் நல்ல விலைக்குப் போன விளைமீனும், இந்தக் கூடையில் கிடந்ததும் ஒரே இனம். இடையே உள்ள வித்தியாசம் சில மாதங்கள்தான். ஒரு முறைகூட முட்டையிடாத மீன், கருவாட்டு விலைகூடக் கிடைக்காமல் தீவன ஆலைக்குப் போகிறது.

ஒரு கிலோ மீன் மாவு தயாரிக்க 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். அதாவது, ஒரு மூட்டை மீன் மாவைத் தூக்கும்போது நான்கைந்து மூட்டை மீனைத் தூக்குகிறோம். எந்த விவசாயியும் வீட்டுக் குதிரிலிருந்து விதைநெல்லை எடுத்துக் கோழிக்கு இறைக்க மாட்டார். கடலில் அதுதான் நடக்கிறது. இறைக்கும் கைகளில் நம்முடையதும் ஒன்று.

மீனவருக்குத் தெரியாதா?

தெரியும். "பெரிய கண்ணி போட்டா இறாலு நிக்காது சார். இறாலு இல்லாம கரைக்கு வந்தா டீசல் கடனை யாரு கட்டுறது?" என்று படகு ஓட்டுநர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இழுவலை கடலின் அடித்தரையோடு உரசிப் போகிறது. இறால் அடியில் வாழ்வதால் அதைப் பிடிக்க இப்படித்தான் இழுக்க வேண்டியிருக்கிறது. வலையின் கடைசிப் பையான மடியில் கண்ணி சிறிதாக இருந்தால், இறாலோடு குஞ்சு மீனும் தங்கிவிடும். மடிக் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது 1983-ல். ஆனால், பக்கத்துப் படகு சின்னக் கண்ணியோடு போகும்போது தான் மட்டும் பெரிய கண்ணி கட்ட யாருக்கும் துணிவு வருவதில்லை. ஆழ்துளைக் கிணற்றில் இது நமக்குப் பழகிய கதை. பக்கத்துக் காட்டுக்காரர் 600 அடி இறக்கினால் நாம் 300 அடியில் நிற்பதில்லை.

'கடலடியை உழுவது நல்லதுதானே, நிலத்தை உழுவது போல?' என்று கேட்ட விவசாயிகளும் உண்டு. உழவு வெறும் நிலத்தில் செய்வது. பயிர் நிற்கும்போது யாரும் ஏர் ஓட்டுவதில்லை. பாக் விரிகுடாவின் அடித்தரையில் நிற்கும் பயிர் கடற்புல். மீன், இறால், நண்டுக் குஞ்சுகளுக்கு அதுதான் நாற்றங்கால். ஆவுளியா என்று கடலோர மக்கள் அழைக்கும் கடல்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. புல் நிற்கும் அடித்தரையில் பலகை கட்டிய வலையை இழுத்தால், நாற்றங்காலில் பரம்படித்த கதைதான்.

கரையோரக் கடல் வற்றிப்போனதால்தான் படகுகள் மேலும் மேலும் தூரம் போகின்றன. 1974-ல் வகுக்கப்பட்ட கடல் எல்லைக்கோடு இங்கே மிக அருகில். எல்லைக்கு அப்பால் போர் முடிந்து 2009-க்குப் பிறகு மீண்டும் கடலில் இறங்கிய வடக்கு இலங்கைத் தமிழ் மீனவர்கள் சிறு படகில் சிறு வலை விரிக்கிறார்கள். இழுவலையால் தங்கள் வலைகள் அறுபடுவதாக அவர்கள் சொல்கிறார்கள். இலங்கை 2017-ல் இழுவலையைத் தடை செய்தது. கைதும் படகு பறிமுதலும் இங்குள்ள குடும்பங்களின் அன்றாடக் கவலை. அப்பா கடலுக்குப் போன இரவில் இந்த வீடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

வழி தேடாமலும் இல்லை. இழுவலைப் படகுகளுக்குப் பதிலாக, சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகு வாங்க 70 சதவீத மானியத்தில் 2017-ல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். பயனாளி 10 சதவீதம் போட்டு, 20 சதவீதம் வங்கிக் கடன் பெற வேண்டும். ஒரு நாள் தொழிலுக்குப் பழகியவர்கள் பல நாள் கடலில் தங்கும் தொழிலுக்கு மாற வேண்டும் என்பதால், எதிர்பார்த்த வேகத்தில் அது நகரவில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், பச்சை வரி இறால் குஞ்சுகளை வளர்த்து இந்தக் கடலிலேயே விடுகிறது. ஒரு பக்கம் விதைக்கிறார்கள்; மறுபக்கம் முளையிலேயே அறுக்கிறோம்.

கேரளம் இன்னொரு வழியைக் கையாண்டது. 58 வகை மீன், இறால், நண்டு, கணவாய் இனங்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பளவை அறிவித்தது. அந்த அளவுக்குக் கீழே உள்ளதைக் கரைக்குக் கொண்டுவந்தால் குற்றம். பிடிப்பவரை மட்டுமல்லாமல் வாங்குபவரையும் கேள்வி கேட்க இது இடம் கொடுக்கிறது. குஞ்சு மீனுக்கு வாங்க ஆள் இருக்கும்வரை கரைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

வயலுக்கு உண்மையில் எவ்வளவு தேவை?

வாங்குபவர்கள் பட்டியலில் இப்போது உழவரும் சேர்ந்திருப்பதால் நம் கணக்கைப் பார்ப்போம்.

மீன் எருவில் தழைச்சத்து 4 முதல் 10 சதவீதம், மணிச்சத்து 3 முதல் 9 சதவீதம், சாம்பல்சத்து 0.3 முதல் 1.5 சதவீதம் வரை இருக்கும். நல்ல உரம், சந்தேகமில்லை. ஆனால், நம்மில் பலரும் பயன்படுத்துவது மீன் அமிலமாகத் தெளிக்கத்தான். 10 லிட்டர் டேங்குக்கு 100 மில்லி, ஏக்கருக்கு 10 டேங்க் என்றால் ஒரு முறைக்கு 1 லிட்டர் போதும். அந்த ஒரு லிட்டரில் தழைச்சத்து 3 சதவீதம் என்று தாராளமாக வைத்தாலும் ஏக்கருக்குக் கிடைப்பது 30 கிராம். ஓர் ஏக்கர் நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்தோ 50 முதல் 60 கிலோ.

எனவே மீன் அமிலம் அடியுரத்துக்கு மாற்று ஆகாது. இலை வழியாகக் கொடுக்கும் ஊக்கியாக மட்டுமே அதைக் கருத வேண்டும். அந்த வேலைக்கு 5 ஏக்கர் விவசாயி, ஒரு பருவத்தில் நான்கு முறை தெளித்தாலும் 20 லிட்டர்தான் தேவை. அதைத் தயாரிக்க ஏறத்தாழ 20 கிலோ மீன் கழிவும் அதே எடை வெல்லமும் போதும். உள்ளூர் மீன் கடைகள் இரண்டில் ஓரிரு வாரச் சந்தை நாளில் சேரும் கழிவே இந்த அளவுக்கு வந்துவிடும். வண்டிக்கணக்கில் சங்காயம் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

சங்காயத்தில் இன்னொரு சிக்கல் உப்பு. கடல்நீரோடும் மணலோடும் காய்ந்தது அது. கெடாமல் இருக்க உப்புத் தூவியதும் கலந்திருக்கும். ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகை போன்ற கடலோர மாவட்டங்களில் மண்ணும் கிணற்று நீரும் ஏற்கெனவே உவர்ப்பு. அதில் வண்டிக்கணக்கில் உப்பு மீனைப் போட்டு மண் அணைத்தால் செடியின் வேர் கருகும். பச்சையாகப் புதைத்தால் அழுகும்போது வேரைச் சூடு தாக்கும். நாயும் பன்றியும் செடியோடு சேர்த்துத் தோண்டிப் போடும். எலி வரும்.

எதை வாங்கலாம், எப்படிச் செய்யலாம்?

தலை, செவுள், குடல், துடுப்பு, தோல் இவைதான் உழவருக்கு உரிய மீன். மனிதர் சாப்பிட்ட பிறகு மிஞ்சுவது அது. இனத்தையும் வெட்டும் விதத்தையும் பொறுத்து, மீனின் எடையில் கால் பங்கிலிருந்து பாதி வரை கழிவாகிறது. இறாலில் தலையும் ஓடும் பாதிக்கு அருகில் வரும். இவற்றைப் பல ஊர்களில் சாக்கடையிலும் கண்மாய்க் கரையிலும் கொட்டுகிறார்கள். எடுத்துக்கொண்டால் ஊருக்கும் நல்லது, கடலில் ஒரு குஞ்சுக்கும் கேடில்லை.

மீன் அமிலம்: கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வடித்து, பொடியாக நறுக்கவும். அதே எடை நாட்டு வெல்லத்தைத் தூளாக்கிச் சேர்த்துப் பிளாஸ்டிக் வாளியிலோ பானையிலோ முக்கால் அளவு நிரப்பி, மூடி, நிழலில் வைக்கவும். முழுவதும் நிரப்பினால் நுரைத்து வழியும். 21 நாளுக்குப் பிறகு தேன் நிறத்தில் திரவம் பிரியும். நாற்றம் அடங்கிப் பழ வாடை வந்தால் பதம் சரி. அழுகல் நாற்றம் இருந்தால் வெல்லம் போதவில்லை என்று பொருள். இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சில நாள் விட வேண்டும். வடிகட்டி, 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லியில் தொடங்கி, பயிர் தாங்குவதைப் பார்த்து 100 மில்லி வரை போகலாம். மாலையில், 10 முதல் 15 நாள் இடைவெளியில் தெளிக்கவும். முதல் முறை ஒரு பாத்தியில் தெளித்து, மூன்று நாள் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போவது நல்லது.

மட்கு உரம்: கழிவு அதிகமாகக் கிடைத்தால் அமிலத்தைவிட மட்கு உரமே லாபம். வெல்லச் செலவு இல்லை. மீனில் தழைச்சத்து அதிகம், கரிமம் குறைவு. அதை ஈடுகட்ட ஒரு கூடை கழிவுக்கு மூன்று கூடை தென்னை நார்க்கழிவு, வைக்கோல் அல்லது சருகு சேர்க்க வேண்டும். உச்சிப்புளி, மண்டபம் பகுதியில் தென்னைக் கழிவுக்குப் பஞ்சமில்லை. அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கிலும் சாணக் கரைசல் தெளித்து, மேலே அரை அடி மண்ணோ பழைய மட்கோ மூடினால் ஈயும் நாற்றமும் அடங்கும். ஈரம் பிழிந்தால் சொட்டாத அளவில் இருக்கட்டும். 20 நாளுக்கு ஒரு முறை கிளறினால் இரண்டரை முதல் மூன்று மாதத்தில் தயாராகும்.

இறால், நண்டு ஓடு: இவற்றில் உள்ள கைட்டின், மண்ணில் அதைத் தின்னும் நுண்ணுயிரிகளைப் பெருக்கும். வேர் முடிச்சு நூற்புழுவின் முட்டைத் தோலிலும் கைட்டின் இருப்பதால் அந்த நுண்ணுயிரிகள் நூற்புழுவையும் கட்டுப்படுத்துகின்றன. ஓட்டை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, இடித்து மட்கோடு சேர்த்துப் போடலாம். மிளகாய், தக்காளி, கத்தரி போடுபவர்களுக்கு இது உதவும்.

கோழி வளர்ப்போர்: நாட்டுக்கோழிக்குச் சங்காயத் தூள் வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உப்பு அதிகமானால் கோழி தண்ணீர் அதிகம் குடித்துக் கழியும். குஞ்சுகள் செத்தும் போகும். கடலைப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு, அசோலா, கரையான் ஆகியவற்றால் புரதத்தின் பெரும்பகுதியை ஈடுகட்ட முடியும். மீன்தான் வேண்டுமென்றால் கடைக் கழிவை வேகவைத்துக் கொடுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

நம் ஊரில் வேளாண்மைத் துறைக்கும் மீன்வளத் துறைக்கும் தனித்தனி அலுவலகம். கடலோர வட்டாரங்களில் இரண்டு அலுவலகத்தின் மக்களும் ஒரே சந்தையில்தான் நிற்கிறார்கள். மீன் வெட்டும் பெண்கள் குழுவையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையும் ஒரு முறை ஒன்றாக உட்காரவையுங்கள். கழிவைத் தனி வாளியில் போட்டு வைப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு சிறு தொகை என்று பேசி முடித்தால், அவர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு கை வருமானம். நமக்கு உப்பு குறைந்த உரம். மீன் அமிலப் பயிற்சியில் 'மீன் ஒரு கிலோ' என்று எழுதிப் போடும் இடத்தில் 'மீன் கழிவு ஒரு கிலோ' என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல் விடுபட்டதால்தான் விவசாயிகள் முழு மீனைத் தேடிப் போகிறார்கள்.

உழவர் சங்காயம் வாங்காமல் நின்றுவிட்டால் மட்டும் பாக் விரிகுடா நிரம்பிவிடாது. பெரும்பகுதி தீவனத்துக்குத்தான் போகிறது. கண்ணி அளவை எல்லாப் படகுக்கும் ஒன்றாக நடைமுறைப்படுத்துவதும், தொழில் மாற நினைக்கும் மீனவருக்குக் கடன் சுமை இல்லாமல் வழி காட்டுவதும் அரசு செய்ய வேண்டியவை. நம் கையில் இருப்பது நம் கொள்முதல் மட்டுமே. இயற்கை வேளாண்மை என்ற பெயரில் அந்தக் குவியலுக்கு இன்னொரு வாங்குபவராக நாம் சேர வேண்டியதில்லை.

அன்று மாலை அந்த மிளகாய் விவசாயியை அழைத்து, பார்த்ததையும் கணக்கையும் சொன்னேன். உப்பைப் பற்றிச் சொன்னபோது "அது சரி" என்றார். விளைமீன் குஞ்சைப் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "முன்பணம் ரெண்டாயிரம் குடுத்துட்டேனே சார்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வண்டியை அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். முன்பணம் திரும்பவில்லை. பரமக்குடி மீன் கடை ஒன்றில் தினமும் ஒரு வாளி கழிவு எடுத்துக்கொள்கிறார். பொங்கலுக்கு மறுநாள் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, வாடை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு அழைத்திருந்தார். பழ வாடை வரவில்லையாம். வெல்லம் இன்னும் ஒரு கிலோ போடச் சொல்லியிருக்கிறேன்.